புல் முளைக்காத கரைகளின் ஆடுகள்

கி.மு. 325-இல் அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ், சிந்து நதியின் முகத்துவாரத்திலிருந்து பாரசீக வளைகுடாவை நோக்கிக் கப்பல்களைச் செலுத்திக்கொண்டு போனான். வழியெல்லாம் மக்ரான் கரை. இன்றைய பலுசிஸ்தானமும் ஈரானின் தென்கிழக்கு ஓரமும் சேர்ந்த வறண்ட நிலம் அது. கரையோர ஊர் ஒன்றில் மக்கள் அவனுக்கு ஆடுகளையும் மீன்களையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த ஆட்டுக்கறியில் கடற்பறவைக் கறியைப்போல மீன்வாடை வீசியது. அங்கே புல் கிடையாது, ஆடுகளும் மீனைத்தான் தின்கின்றன என்று காரணத்தையும் சேர்த்தே குறித்துவைத்திருக்கிறார்கள். நியார்க்கஸின் பயணக் குறிப்பை வைத்து, நாலரை நூற்றாண்டு கழித்து அரியன் எழுதிய 'இந்திகா'வில் இந்தச் செய்தி இருக்கிறது.

கிரேக்கர்கள் அந்த மக்களை 'மீன்தின்னிகள்' என்றே அழைத்தார்கள். மீனை வெயிலில் காயவைத்து, இடித்து மாவாக்கி, அதில் அப்பம் சுட்டவர்கள். கால்நடைக்கும் காய்ந்த மீனையே போட்டவர்கள். கிரேக்கர்கள் அதில் ஏழ்மையைப் பார்த்தார்கள். நான் பார்ப்பது ஓர் அறிவை. ஆட்டின் வயிறு புல்லுக்கென்று அமைந்தது. அதற்குள் மீனை அனுப்பலாம், அளவறிந்து அனுப்பினால் ஆடு பிழைக்கும், ஈனும், பால் கொடுக்கும் என்பதை எத்தனை தலைமுறைகள் ஆட்டைப் பறிகொடுத்துக் கற்றிருக்கும்! கடலுணவுத் தொழிற்சாலைகள் ஒதுக்கும் தலை, முள், குடல், ஓடு ஆகியவற்றை ஆட்டுத் தீவனத்தில் சேர்க்கலாம் என்று இன்று புதிய யோசனையைப்போலப் பேசுகிறார்கள். அதற்குப் பின்னால் குறைந்தது 2,300 ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கம் எங்கே நிலைத்தது, எங்கே அறுந்தது, எதனால் அறுந்தது என்று பார்க்காமல் இந்த யோசனையை ஏற்பதும் தவறு, தள்ளுவதும் தவறு.

பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, அரேபியாவின் ஹத்ரமவுத் கரையிலுள்ள ஷிஹ்ர் துறைமுகத்தைப் பற்றிச் சொல்கிறார். அங்கே ஆடு, மாடு, ஒட்டகம், குதிரை எல்லாமே சிறு மீன் தின்று வாழ்கின்றன. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் அந்த மீன் ஏராளமாகக் கிடைக்கும். அதைக் காயவைத்து வீட்டில் சேமித்து ஆண்டு முழுவதும் கால்நடைகளுக்குப் போடுவார்கள். 1330-ஐ ஒட்டி, அதே கரையில் கிழக்கே இருக்கும் தோஃபாருக்கு வந்த இப்னு பதூதாவும் இதையே கண்டார். அங்கே பிடிபடும் மீனில் பெரும்பகுதி கொழுத்த சாளை. கால்நடைகளும் ஆடுகளும் அதையே தின்கின்றன, வேறெங்கும் இப்படிப் பார்த்ததில்லை என்று வியந்து எழுதினார். இந்த இரண்டு துறைகளிலிருந்தும் இந்தியாவுக்குக் குதிரைகள் கப்பலேறின. பாண்டிய நாட்டுக்கு அரேபியக் குதிரைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கியதையும், இங்கே வேகவைத்த சோறும் இறைச்சியும் போடப்பட்டு, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை மடிந்ததையும் மார்க்கோ போலோவே விரிவாகச் சொல்கிறார். காயல் துறையில் கால்வைத்த குதிரைகளில் பல, கருவாடு தின்று வளர்ந்தவையாக இருந்திருக்க வேண்டும்.

தோஃபார் கடல் இப்படி மீனைக் கொட்டிக் கொடுப்பதற்குக் காரணம் நமக்கும் மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை கரையை ஒட்டி வீசும் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ளுகிறது. ஆழத்துக் குளிர்நீர் சத்துகளைச் சுமந்துகொண்டு மேலே வருகிறது. அதில் நுண்பாசி பெருகி, பாசியை நம்பிச் சாளை பெருகுகிறது. காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் வலை இறங்கும். மணலில் பரப்பிக் காய்ந்த சாளையை, மலைமேல் கால்நடை வைத்திருப்பவர்கள் நெய் கொடுத்து மாற்றிக்கொண்டு போவார்கள். மழைக்காலத்தில் பச்சைப்பசேலென்று இருக்கும் அந்த மலை பிறகு காய்ந்து கருகும். அந்த மாதங்களுக்கான கையிருப்பு இந்தச் சாளை. மீன் அங்கே புல்லுக்கு மாற்று அல்ல. புல் குறையும் காலத்தைத் தாண்டவைக்கும் துணை. ஈரமாக யாரும் போடவில்லை, காயவைத்துத்தான் போட்டார்கள். பிடிப்பவருக்கும் வளர்ப்பவருக்கும் நடுவே இருந்த தூரம் ஓர் ஒட்டகத்தின் நடைதூரம். இவற்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தவறு நடந்த இடங்களிலெல்லாம் இவற்றில் ஏதோ ஒன்று கைவிடப்பட்டிருக்கிறது.

வட அட்லாண்டிக்கில் பஞ்சம் வெயிலால் வருவதில்லை, பனியால் வரும். நார்வேயின் வடகரையில் ஆண்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை லோஃபோடன் தீவுகளுக்குக் காட் மீன் பிடிக்கப் போய்விடுவார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் சில மாடுகளும் ஆடுகளும் இருப்பார்கள். பரணில் சேர்த்த வைக்கோல் நாளுக்கு நாள் குறையும். பெரிய இரும்புக் கொப்பரையில் மீன் தலையையும் முள்ளையும் கடற்பாசியோடு சேர்த்து வேகவைத்து, அந்தக் கூழைக் கொஞ்சம் வைக்கோலோடு கலந்து கால்நடைக்கு வைத்துக் குளிர்காலத்தைக் கடத்தினார்கள். வரலாற்றில் மீன்பிடித்த ஆண்களின் பெயர்கள் நிறைய இருக்கின்றன. அடுப்பு மூட்டி அந்தக் கொப்பரையைக் கிளறிய பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. தொழிற்சாலைக் கழிவைத் தீவனமாக்கும் தொழில்நுட்பம் என்று இன்று சொல்லப்படுவதன் முன்னோடிகள் அவர்கள்தான்.

ஐஸ்லாந்தில் இதன் அருமை இன்னும் கூர்மையாகத் தெரியும். அந்த நாட்டு வரலாறே ஒரு வகையில் வைக்கோல் வரலாறு. 1783 ஜூனில் லாக்கிப் பிளவில் எரிமலை வெடித்து எட்டு மாதம் கக்கியது. புல்லில் படிந்த ஃபுளோரின் நஞ்சால் நாட்டின் ஆடுகளில் 80 விழுக்காடு அழிந்தன. தொடர்ந்த பட்டினியில் மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். எரிமலை அமைதியாக இருந்த காலங்களிலும் கோடை குளிர்ந்துவிட்டால் வைக்கோல் காயாது. வைக்கோல் காயாவிட்டால் மார்ச் மாதத்தில் ஆடுகள் பட்டியிலேயே மெலிந்து சாகும். இந்த நிலத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெர்ரிங் மீன் வந்து சேர்ந்தது. நார்வேக்காரர்கள் 1903-இல் சிக்லுஃப்யோர்தூரில் ஹெர்ரிங் உப்பிடத் தொடங்கினார்கள். விரைவில் எண்ணெயும் மீன்தூளும் எடுக்கும் ஆலைகள் எழுந்தன. 1930-இல் அரசே ஹெர்ரிங் ஆலைகளுக்கென்று ஒரு நிறுவனத்தை அமைத்தது. ஆடுதான் வாழ்க்கை என்றிருந்த ஸ்ட்ராண்டிர் கரையில், தியூபாவிக் என்ற குக்கிராமத்தில், 1935-இல் ஒரு பெரிய கான்கிரீட் ஆலை ஓடத் தொடங்கியது.

ஆலை வந்ததும் ஆட்டுக்காரர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். குளிர்காலத்தில் வெளியே காய்ந்து கிடக்கும் பழைய புல்லில் ஆடுகளை மேயவிட்டு, மாலையில் பட்டிக்குத் திரும்பும்போது ஆட்டுக்குக் கொஞ்சமாக ஹெர்ரிங் தூளைக் கொடுத்தால் போதும். வைக்கோல் மிச்சமாகும், சினையாடு தளராது. சத்தில்லாத காய்ந்த புல் அந்த ஒரு பிடித் தூளால் உணவாக மாறியது. ஐஸ்லாந்துக் குட்டிகள் கோடை முழுதும் மலையில் புல் தின்று இலையுதிர்காலத்தில் இறைச்சிக்குப் போகின்றன. மீன்தூள் தின்பது குளிர்காலத்துத் தாயாடு. எனவே நியார்க்கஸ் முகம்சுளித்த மீன்வாடைக்கு அங்கே இடமே இல்லாமல் போனது.

அந்த ஒரு பிடித் தூள் வயிற்றுக்குள் என்ன செய்கிறது என்று விஞ்ஞானம் சொல்லப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆட்டின் முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நார்ச்சத்தைச் செரிப்பது ஆடல்ல, அவைதான். அவற்றுக்கு வேலை செய்ய நைட்ரஜன் வேண்டும். காய்ந்த புல்லில் அது இல்லாததால் வயிறு நிறைந்தும் ஆடு பட்டினி கிடக்கிறது. சிறிது புரதம் போய்ச் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் பெருகும், புல் செரிக்கும், ஆடு இன்னும் தின்னும். மீன்தூள் செய்யும் உதவி அதோடு முடிவதில்லை. கடலைப் புண்ணாக்கின் புரதத்தில் பெரும்பகுதியை அந்த நுண்ணுயிர்களே உடைத்து அம்மோனியா ஆக்கிவிடும். வெப்பத்தில் காய்ந்த மீன்தூளின் புரதமோ பாதிக்குமேல் உடையாமல் தப்பித்து, நேரே சிறுகுடலுக்குப் போய் ஆட்டுக்கே கிடைக்கிறது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் உள்ள ரோவெட் ஆய்வு நிலையத்தில் ஓர்ஸ்கோவ் என்ற டேனிய அறிஞரும் அவருடன் இருந்தவர்களும் 1970-களில் இதை அளந்து காட்டினார்கள். தீவனத்தைச் சிறு நைலான் பையில் கட்டி ஆட்டின் இரைப்பைக்குள்ளேயே வைத்து, எவ்வளவு மறைகிறது என்று எடைபோடும் முறையை அவர்கள் செம்மைப்படுத்தினார்கள்.

அங்கிருந்து வந்த முடிவுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஈன்ற ஆட்டைப் பற்றியது. இரட்டைக் குட்டி போட்ட தாய், முதல் சில வாரங்களில் தனக்கு வேண்டிய அளவு தின்ன முடியாது. உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் பால் சுரக்க வேண்டும். ஆனால் புரதம் கிடைக்காவிட்டால் அந்தக் கொழுப்பும் பாலாக மாறாது. அதே அளவு புரதத்தைச் சோயாவிலோ கடலைப் புண்ணாக்கிலோ கொடுத்ததைவிட மீன்தூளில் கொடுத்தபோது தாயாடுகள் கூடுதலாகப் பால் சுரந்தன. நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள் இன்னொரு பயனைக் காட்டின. ஈனும் காலத்தில் தாயாட்டின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து குடற்புழு முட்டைகள் சாணத்தில் பெருகும். அந்த முட்டைகள்தான் மேய்ச்சல் நிலத்தில் குட்டிகளுக்குத் தொற்றும். மீன்தூள் தின்ற தாய்களிடம் அந்தப் பெருக்கம் குறைந்தது. புழுமருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பலனிழந்துவரும் காலத்தில் இது சிறிய செய்தி அல்ல.

ஆனால் மீன்தூளைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லி நகர்வது நேர்மையாகாது. 1960-களின் தொடக்கத்தில் நார்வேயில் ஆடு, மாடுகளும், தோலுக்காக வளர்க்கப்பட்ட மிங்க் போன்ற விலங்குகளும் கல்லீரல் அழுகிச் செத்தன. கால்நடை மருத்துவர்கள் தேடிக்கொண்டே போனார்கள். எல்லாப் பாதையும் ஹெர்ரிங் தூளில் வந்து முடிந்தது. மீன் ஆலைக்கு வந்து சேரும்வரை கெடாமலிருக்க அதன்மீது சோடியம் நைட்ரைட் தூவியிருந்தார்கள். கெடத் தொடங்கும் மீனில் அமீன்கள் உருவாகும். அந்த அமீன்களோடு நைட்ரைட் சேர்ந்து, சூட்டில் காயும்போது, டைமெத்தில்நைட்ரோசமீன் என்ற நஞ்சு பிறந்திருந்தது. அது எலிகளுக்குப் புற்றுநோய் தருவதை மேகீ, பார்ன்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1956-இலேயே காட்டியிருந்தார்கள். நஞ்சான தூளில் அது இருப்பதையும் அது ஆட்டின் கல்லீரலைச் சிதைப்பதையும் நார்வே ஆய்வாளர்கள் 1965-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அந்த ஆடுகள் செத்ததன் பயன் மனிதர்களுக்கு வந்தது. பன்றி இறைச்சியையும் மீனையும் பதப்படுத்த உலகமெங்கும் நைட்ரைட் பயன்பட்டுவந்த காலம் அது. ஆட்டுத் தீவனத்தில் பிறந்த நஞ்சு மனிதர் தட்டிலும் பிறக்காதா என்ற கேள்வி அங்கிருந்து வலுப்பெற்றது. பதப்படுத்தும் இறைச்சியில் நைட்ரைட்டுக்கு இன்று உலகம் வைத்திருக்கும் கட்டுப்பாடுகளின் வேர்களில் ஒன்று நார்வேயின் அந்தப் பட்டிகளில் இருக்கிறது. ஷிஹ்ர் மக்கள் பிடித்த மீனை உடனே மணலில் பரப்பினார்கள். நார்வே ஆலைகளுக்கு மீன் தொலைவிலிருந்து, நேரங்கழித்து, குவியலாக வந்தது. தூரமும் தாமதமும்தான் அந்த வேதிப்பொருளைத் தூவவைத்தன. மீன்தூள் ஆட்டைக் கொல்லவில்லை. கெட்ட மீனைக் கெடாததுபோல் காட்ட முயன்றது கொன்றது.

இதற்குள் மீன்தூள் தொழிலின் முகமே மாறிவிட்டிருந்தது. சமையலுக்கும் உப்பிடலுக்கும் போனது போக மிஞ்சியதை அரைத்த காலம் போய், அரைப்பதற்கென்றே மீன் பிடிக்கும் காலம் வந்தது. பெரு நாட்டில் 1970-இல் நெத்திலி இனமான அன்சோவெட்டா 120 லட்சம் டன்னுக்கு மேல் பிடிபட்டது. ஏறக்குறைய முழுவதும் அரைக்கப்பட்டு, அமெரிக்க, ஐரோப்பியக் கோழிப்பண்ணைகளுக்குப் போயிற்று. 1972-இல் எல் நினோ வந்தது. அளவு மீறிப் பிடித்ததும் கடல் சூடேறியதும் சேர்ந்து அந்த மீன்வளம் சரிந்தது. கோழித் தீவனத்துக்கு எல்லோரும் சோயாவைத் தேடி ஓட, விலை ஏறி, 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்கே தற்காலிகத் தடை போட்டது. பெருவின் கரையில் மீன் குறைந்ததால் ஜப்பானியர் சோயாத் தயிருக்கு அஞ்ச வேண்டிவந்தது. ஐஸ்லாந்தின் ஹெர்ரிங்கும் அறுபதுகளின் இறுதியில் ஓய்ந்துவிட்டிருந்தது. தியூபாவிக் ஆலை அதற்கு முன்பே, 1954-இல், மூடப்பட்டது.

நம் பக்கத்திலும் மீன்சத்து கால்நடையைச் சேராமல் வேறு வழியில் போனதைப் பார்க்கலாம். 1907-இல் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளமிட்ட பிரெடெரிக் நிக்கல்சன், மலபாரின் தானூரில் சோதனை நிலையம் வைத்து, சாளையை வேகவைத்து எண்ணெய் எடுக்கும் முறையைக் கரையோரச் சிறுதொழிலாகப் பரப்பினார். எண்ணெய் பிழிந்த சக்கை எருவாகத் தோட்டங்களுக்குப் போனது. மண்ணுக்கு அது நல்லதுதான். ஆனாலும் நல்ல புரதம் கால்நடை வயிற்றைத் தொடாமலே மண்ணுக்குப் போனது என்பதும் உண்மை. நம் விவசாயிகள் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறார்கள். அங்கே தாளைத் தின்ற ஆடு எருவாகத் திருப்பிக் கொடுக்கிறது. கடலிலிருந்து வந்த சத்தும் அதேபோல முதலில் ஆட்டுக்குள் போய்ப் பிறகு மண்ணைச் சேர்ந்திருக்கலாம்.

ஐரோப்பாவில் இந்தப் பழக்கத்தை வெட்டியது மாட்டு நோய். 1986-இல் பிரிட்டனில் பி.எஸ்.இ. எனப்படும் மூளைச்சிதைவு நோய் கண்டறியப்பட்டது. செத்த கால்நடைகளை அரைத்து மாட்டுக்கே தீவனமாகப் போட்டதால் பரவிய நோய். 1996-இல் அது மனிதர்களுக்கும் வந்திருப்பது தெரிந்தபோது ஐரோப்பா நடுங்கியது. அந்த நடுக்கம் நியாயமானது. 2001 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பண்ணை விலங்குகளுக்கு விலங்குப் புரதம் போடுவதற்குத் தடை கொண்டுவந்தது. அசைபோடும் விலங்குகளுக்கான மீன்தூளும் அதில் சிக்கியது. மீனுக்கு அந்த நோய் இருந்ததால் அல்ல. மீன்தூளில் யாராவது மாட்டு எலும்புத் தூளைக் கலந்தால் கண்டுபிடிப்பது அன்று கடினமாக இருந்தது, அதனால். 2008-இல் பால்குடி மறவாத குட்டிகளின் பால்மாற்றில் மட்டும் மீன்தூளுக்கு அனுமதி வந்தது. 2021-இல் பன்றிப் புரதத்தைக் கோழிக்கும் கோழிப் புரதத்தைப் பன்றிக்கும் கொடுக்கத் தடை நீங்கியது. வளர்ந்த ஆட்டுக்கு மீன்தூள் இன்னும் இல்லை. 1997-இல் அமெரிக்கா கொண்டுவந்த தடையோ பாலூட்டிகளின் புரதத்தைக் குறிவைத்தது, மீனை விட்டுவிட்டது. எனக்கு அமெரிக்க விதியின் வரம்பு சரியாகப் படுகிறது. ஐரோப்பிய விதியின் அச்சத்தையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. கலப்படம் செய்பவர்கள் இருந்தார்கள், அதனால் மக்கள் செத்தார்கள்.

அமெரிக்காவிலேயே இந்தக் கேள்வி வேறொரு வாசல் வழியாக வந்தது. செசபீக் விரிகுடாவின் நீலநண்டில் ஏழில் ஒரு பங்குதான் சதை. வேகவைத்த நண்டிலிருந்து பெண்கள் கையால் சதையைப் பிரித்தெடுத்த பிறகு மிச்சமெல்லாம் ஓடும் குடலும். கோடையில் ஒரே நாளில் நாறிவிடும். குப்பைமேடுகள் அதை ஏற்க மறுக்கத் தொடங்கியபோது, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஃபான்டெனாட் என்ற கால்நடை ஊட்ட அறிஞரின் குழு, நண்டுக் கழிவையும் மீன் கழிவையும் கோதுமை வைக்கோலோடு கலந்து ஊறுகாய்ப் புல்லாக்கி ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 1991-இல் முடிவுகள் வெளியாயின. ஈரமான கழிவுக்கு உலர்ந்த வைக்கோல் துணை, சத்தில்லாத வைக்கோலுக்குக் கழிவின் புரதம் துணை. நார்வேப் பெண்களின் கொப்பரைக்குள் இருந்த அதே கணக்கு. ஆனால் நண்டு ஓட்டில் சுண்ணாம்பு மிகுதி. ஊறும்போது பிறக்கும் அமிலத்தைச் சுண்ணாம்பு தின்றுவிடுவதால் புளிப்பேறாமல் அழுகத் தொடங்கும். அசிட்டிக் அமிலத்தை வெளியிலிருந்து சேர்க்க வேண்டியிருந்தது. ஓட்டிலுள்ள கைட்டினில் நைட்ரஜன் உண்டு. ஆய்வகத்தில் அளந்தால் அதுவும் புரதம்போலக் கணக்கில் ஏறும். ஆட்டின் நுண்ணுயிர்கள் கைட்டினைப் பழகப் பழக ஓரளவு செரிக்கின்றன, முழுதாக அல்ல. எனவே நண்டு, இறால் ஓட்டுத் தூளின் புரத அளவை அச்சிட்ட எண்ணாகவே நம்பி வாங்குவது ஏமாற்றத்தில் முடியும்.

ஓட்டு மீன்களில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இறால், நண்டு இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு. செம்மறி ஆட்டுக்குச் செம்பு மிகச் சிறிய அளவு மிஞ்சினாலும் கல்லீரலில் சேர்ந்து நஞ்சாகும். ஸ்காட்லாந்தின் வடக்கே, வட ரோனால்ட்சே தீவில், 1832-இல் தீவைச் சுற்றிக் கல்மதில் எழுப்பி ஆடுகளைக் கடற்கரைப் பக்கம் தள்ளினார்கள். அவை கடற்பாசியைத் தின்றே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. செம்பு குறைந்த அந்த உணவுக்குப் பழகிய உடம்பு சாதாரணப் புல்லிலுள்ள செம்பைக்கூடத் தாங்குவதில்லை. கடல் உணவு எல்லாம் ஒன்று என்று நினைப்பவர்கள் இந்த ஆடுகளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று உலகில் விளையும் மீன்தூளில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மீன், இறால் பண்ணைகளுக்கே போகிறது. நல்ல செய்தி ஒன்றும் உண்டு. மீன்தூளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்போது தலை, முள், குடல் போன்ற மிச்சங்களிலிருந்து வருகிறது. இந்தப் பங்கு வளர வேண்டும், முழு மீனை அரைக்கும் பங்கு சுருங்க வேண்டும். ஏழைகள் சோற்றோடு தின்னும் சாளையையும் இன்னும் முட்டையிடாத குஞ்சு மீன்களையும் அள்ளி அரைக்கும் ஆலைகள் நம் மேற்குக் கரையில் பெருகியதும், பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவைக் கேரளம் 2015-இல் சட்டமாக்க நேர்ந்ததும் நமக்குத் தெரியும். ஆட்டுக்குப் புரதம் என்ற பெயரில் அந்த அரைப்புக்கு இன்னொரு சந்தையைத் திறந்துவிடுவதை நான் எதிர்ப்பேன். மனிதர் தின்னக்கூடிய மீன் ஆட்டுக்குப் போகக் கூடாது. மனிதர் தின்ன எடுத்த பிறகு மிஞ்சுவது போகலாம்.

மிஞ்சுவது நம்மிடம் கொஞ்சமல்ல. 2022-23-இல் இந்தியா ஏழு லட்சம் டன்னுக்கு மேல் உறையவைத்த இறாலை ஏற்றுமதி செய்தது. இறாலின் எடையில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் தலையும் ஓடும்தான். ஒரு பகுதி, கைட்டினிலிருந்து கைட்டோசான் எடுக்கும் ஆலைகளுக்குப் போகிறது. மிச்சம் பல இடங்களில் பள்ளத்திலும் கழிமுகத்திலும் கிடந்து நாறுகிறது. அந்தக் கரைகளிலிருந்து சில கல் தொலைவில், இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசலிலும் செம்மண்ணிலும், கோடை வந்தால் கீழக்கரிசல், வேம்பூர் இனத்து ஆடுகள் சீமைக்கருவேல நெற்றையும் சருகையும் பொறுக்கி வயிற்றைக் கழுவுகின்றன. இரண்டையும் இணைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆடு பசிக்கும் அதே மாதங்களில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்து மீன்கழிவு அப்போது வறண்டுவிடும். ஆகவே தை, மாசியில் கிடைப்பதைக் காயவைத்துச் சேமித்தால்தான் பங்குனிக்கு மேல் உதவும். ஷிஹ்ரில் மூன்று மாத மீன் ஆண்டு முழுவதும் பயன்பட்டதும் இந்தச் சேமிப்பால்தான்.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் நம் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் 2012 வரை ஒரே பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தன. மீனைப் படித்தவரும் ஆட்டைப் படித்தவரும் இப்போது வேறுவேறு பல்கலைக்கழகங்களில் இருந்தாலும், இந்த வேலை இருவரும் சேர்ந்தால்தான் நடக்கும். இறால் உரிக்கும் கூடங்களுக்குப் பக்கத்திலேயே, கழிவு விழுந்த சில மணிநேரத்துக்குள் காயவைக்கும் கூடம் வேண்டும். உப்பும் செம்பும் எவ்வளவு இருக்கின்றன என்று மூட்டைக்கு மூட்டை அளந்து எழுத வேண்டும். சினையின் கடைசி ஆறு வாரமும் ஈன்ற பின் சில வாரமும் தாயாட்டுக்கு மட்டும், தவிட்டோடு கலந்து, எத்தனை கிராம் தாங்கும் என்று நம் இனங்களிலேயே பார்க்க வேண்டும். அபர்டீன் ஆட்டின் கணக்கு வேம்பூர் ஆட்டுக்கு அப்படியே பொருந்தாது. கறிக்குப் போகும் கிடாக்களுக்குச் சில வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் எந்தக் கூடத்திலிருந்து வந்தது என்ற சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். இன்றுவரை அந்தத் தலையையும் ஓட்டையும் கையால் பிரித்தெடுப்பவர்கள் கூடங்களில் கிலோக் கணக்கில் கூலி வாங்கும் பெண்கள். கூலி கணக்கிடப்படுவது உரித்த சதைக்கு. ஒதுக்கியது குப்பையாக இருக்கும்வரை அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அது விலைபோகும் தீவனமாகும் நாளில் அந்த விலையில் அவர்களுக்கு எவ்வளவு என்பதை, முதல் காய்ப்புக்கூடத்துக்கு அரசு மானியம் கொடுக்கும் ஆணையிலேயே எழுத வேண்டும்.